அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது

இது நடந்தது. 2024 பெப்ரவரி 6ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, கொழும்புத்துறையில், நல்ல வெயிலில் நடந்தது. அன்று மழை இல்லை, இருட்டு இல்லை, நாய் ஊளையிடவும் இல்லை. நம்ப விருப்பமில்லாதவர்கள் நம்ப வேண்டாம். இதை யாருக்கும் நிரூபிக்கக் கீர்த்திகாவுக்கு நேரம் கிடையாது. அவளிடம் இருப்பவை பல்கலைக்கழகம் அனுப்பிய மூன்று கடிதங்கள். கீழே வரும் நேரங்கள் அவற்றில் உள்ளபடியே தரப்படுகின்றன, நம்முடைய நேரத்துக்கு மாற்றி.

கீர்த்திகா கொடிகாமத்தில் தாயோடு இருப்பவள். வயது முப்பத்தாறு. பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறாள். நான்கு வருடங்களாக, வீட்டில் இருந்தபடியே, இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பண்டைய கிரேக்க, உரோம வரலாற்றில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். விடிய நாலு மணிக்கு எழும்பி இலத்தீன் வினைச்சொற்களைப் பாடமாக்குவாள். ஆறு மணிக்குப் புட்டு அவிப்பாள். ஏழேகாலுக்குப் பள்ளிக்கூடம். பின்னேரம் கொப்பி திருத்தல். பிறகு மறுபடி உரோமர்கள்.

ஆசிரியர் அறையில் பரமலிங்கம் மாஸ்ரர் அவளைச் சும்மா விடுவதில்லை.

"ரீச்சர், உங்கடை சீசர் எப்பிடி, சுகமா இருக்கிறாரோ?"

"அவர் செத்துப் போனார் சேர்."

"ஐயோ, எப்ப?"

"நீங்கள் பிறக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி."

முதல் வருடம் இந்தப் பதிலுக்கு எல்லாரும் சிரித்தார்கள். நான்காவது வருடத்தில் கீர்த்திகா "செத்துப் போனார்" என்பதோடு நிறுத்திவிட்டு, தலை நிமிராமல் கொப்பி திருத்தினாள்.

அவளுடைய ஆய்வு உரோமர்களின் முன்னோர் முகங்களைப் பற்றியது. உயர்குடி உரோமர் தங்கள் வீட்டின் பெரியவர்களுடைய முகங்களை மெழுகில் செய்து, முன்மண்டபத்து அலுமாரியில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர். வீட்டில் யாரும் செத்தால் அந்த முகங்களை வெளியே எடுப்பார்கள். ஆட்கள் அவற்றை அணிந்துகொண்டு ஊர்வலத்தில் நடப்பார்கள். பார்ப்பவர்களுக்குப் பழைய ஆட்கள் எல்லாரும் எழும்பி வந்து, புதிதாகச் செத்தவரைக் கூட்டிக்கொண்டு போவது போல இருக்கும். இதைப் பற்றித் தொண்ணூறு பக்கம் எழுதிக் கொடுத்து, நல்ல புள்ளியும் வாங்கியிருந்தாள்.

மிச்சம் இருந்தது இலத்தீன் பரீட்சை. அது சித்தியடையாமல் பட்டம் இல்லை. எழுத மூன்று தடவைதான் விடுவார்கள்.

முதல் தடவை முப்பத்தெட்டுப் புள்ளி. நாற்பது வேண்டும்.

இரண்டாம் தடவை நன்றாகத்தான் எழுதினாள். பரீட்சை வீட்டில், லப்டொப்பில். கமரா முழு நேரமும் ஓடும். உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் இருந்து ஒரு மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. சுவரில் மனித முகம் உள்ள படம் இருக்கக் கூடாது. கதிரையை விட்டு எழும்பினால் பரீட்சை ரத்து. இதையெல்லாம் தாய் குணலட்சுமிக்கு மூன்று நாளாகச் சொல்லியிருந்தாள். ஆனால் பரீட்சை தொடங்கி ஒரு மணி நேரமானதும் கதவு திறந்தது. அம்மா, கையில் தேத்தண்ணியோடு.

பரீட்சை ரத்து. அறையில் இரண்டாவது ஆள்.

"ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சா வெள்ளைக்காரனுக்கு என்னடி குறைஞ்சு போகும்?" என்று அம்மா ஒரு கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கீர்த்திகா கோபிக்கவில்லை. கோபிக்கவும் தெம்பு வேண்டும்.

மூன்றாம் தடவைக்கு ஸ்ரெல்லா தன் வீட்டைத் தந்தாள். ஸ்ரெல்லா அவளோடு ஒன்றாகப் பட்டப்படிப்புப் படித்தவள். இப்போது காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை. வீடு கொழும்புத்துறையில், கடலுக்குக் கிட்ட. அவளும் புருஷன் எமில்ராஜும் காலையில் போனால் பின்னேரம்தான் வருவார்கள். வீட்டுக்குப் பின்பக்கம் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார்கள். நல்ல இன்ரநெற், கரண்ட் போனாலும் பற்றரி இருக்கிறது.

"படங்களைக் கழட்டோணும் எண்டு சொன்னனீ. அதை நான் பாக்கிறன். நீ வந்து எழுதிற அலுவலைப் பார்" என்றாள் ஸ்ரெல்லா. "தேத்தண்ணி தர ஆளில்லை, அதையும் யோசி."

"அதுதானடி எனக்கு வேணும்."

அன்றைக்குக் கீர்த்திகா லீவு போட்டாள். பகல் 1.40க்கு ஸ்ரெல்லா தந்த திறப்பைக் கொண்டு வீட்டைத் திறந்தாள். பின் அறை. ஒரு மேசை, ஒரு கதிரை, பின்னால் ஒரு கட்டில். யன்னலுக்கு வெளியே வெயில். லப்டொப்பை வைத்தாள். கதவைப் பூட்டினாள். முகம் கழுவியும் கண் எரிந்தது.

2.15க்கு மேற்பார்வையாளர் வந்தார். வந்தார் என்றால், திரையின் ஓரத்துப் பெட்டியில் எழுத்துகள் வந்தன. பெயர் இல்லை, ஓர் இலக்கம் மட்டும். வணக்கம் சொல்லி, அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்.

கீர்த்திகா லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மெல்லத் திரும்பினாள். கதவு. யன்னல். மேசையின் கீழ்ப்பக்கம். கட்டில்.

கட்டிலுக்கு மேலே ஒரு படம்.

உள்ளே வந்தபோது அது கண்ணில் படவில்லை. களைப்பு என்று நினைத்தாள். கறுப்புச் சட்டம். அதற்குக் கீழே செத்தவர்களின் படத்துக்குப் போடும் சின்னச் சிவப்பு பல்ப், எரிந்துகொண்டிருந்தது. படத்தில் ஒரு வயோதிபர். கண்கள் மூடியிருந்தன. செத்தவீட்டில் எடுத்த படமாக்கும். முகம் மஞ்சள் பூத்து, வழவழப்பாக இருந்தது.

ஸ்ரெல்லா ஒன்றை மறந்துவிட்டாள்.

வேறொருவர் வீட்டில், வேறொருவருடைய செத்த ஆளின் படம். அதைக் கழட்டலாமா? கேட்க நேரமில்லை, போன் வெளியே வைத்தாயிற்று. "ஒரு நிமிடம்" என்று எழுதிவிட்டு, லப்டொப்பை மேசையில் வைத்தாள். பல்பை அணைத்தாள். கட்டிலில் ஏறி, இரண்டு கையாலும் சட்டத்தின் இரு பக்கமும் பிடித்து இறக்கினாள்.

நேரம் 2.21.

பாரமாக இருந்தது. ஒரு படத்துக்கு இவ்வளவு பாரமா என்று யோசித்தாள். கண்ணாடி இல்லை. விளிம்பு வெயிலில் இளகியது போல, பெருவிரல்கள் கொஞ்சம் உள்ளே அமுங்கின. மெழுகுதிரி மணம் வந்தது. வேதக்கார வீடு, மாதாவுக்குக் கொளுத்தும் மெழுகுதிரி மணக்கும்தானே. படத்தைக் கட்டிலில், முகம் சுவர்ப்பக்கம் பார்க்க, சாத்தி வைத்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. மூண்டு மணித்தியாலம்தான்" என்றாள். எங்கே இருந்து அந்த வார்த்தை வந்தது என்று அவளுக்கே தெரியாது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.  பெட்டியில் ஒரு வரி வந்தது.

"அறையில் உங்களைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது."

விதியை நினைவூட்டுகிறார்கள். "ஓம், விளங்குகிறது" என்று எழுதினாள்.

2.30க்கு வினாத்தாள் தானாகத் திறந்தது.

மூன்று பகுதிகள். முதலாவது, உரோம நகரத்து நீர்க்குழாய்களைப் பார்க்கும் அதிகாரி ஒருவரின் அறிக்கை. எந்தக் குழாய் எத்தனை விரல் அகலம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். இரண்டாயிரம் வருடத்துக்கு முதல் இந்த மனிசனும் களைத்துப் போய்த்தான் இதை எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். சொற்கள் வந்தன. மெதுவாக, ஆனால் வந்தன.

3.07க்குப் பெட்டியில் ஒரு சத்தம். டிங்.

"உங்கள் பின்னால் இருப்பவரை வெளியே போகச் சொல்லுங்கள்."

கீர்த்திகா திரும்பினாள். கட்டில். முகம் மறைத்து வைத்த படம். மூடிய கதவு.

"யாரும் இல்லை" என்று எழுதினாள்.  இரண்டாம் தடவையும் இப்படித்தான் தொடங்கியது.

"கட்டிலில் ஒருவர் இருக்கிறார். சுவரைப் பார்த்தபடி."

"அது ஒரு படம். நான் கழட்டி வைத்தது."



சட்டம் கமராவுக்கு ஆள் போலத் தெரிகிறது என்று தன்னைச் சமாதானப்படுத்தினாள். எழும்பிப் போய் அதை வெளியே வைக்கலாம். எழும்பினால் பரீட்சை ரத்து. இதுதான் கடைசித் தடவை. சந்தேகத்துக்காக மேற்பார்வையாளர் கடைசித் தடவையை நிறுத்தமாட்டார், அறிக்கைதான் எழுதுவார்.

இருந்து எழுதினாள்.

3.40. பின்னால் கட்டில் சட்டம் கிரீச் என்றது. ஆள் இருந்த இடத்தில் இருந்து அசைந்தால் வருகிற சத்தம்.

வெயிலுக்குப் பலகை வெடிக்கும். அவள் திரும்பவில்லை. திரையை விட்டுக் கண்ணை அடிக்கடி எடுத்தாலும் குறிப்பு எழுதுவார்கள்.

இரண்டாம் பகுதி, ஒரு படைவீரன் தாய்க்கு எழுதிய கடிதம். காலுறை அனுப்பு என்று கேட்டிருந்தான்.

4.12. டிங்.

"அவர் இப்போது உங்களைப் பார்த்துத் திரும்பிவிட்டார்."

கீர்த்திகா மெல்லக் கழுத்தைத் திருப்பினாள்.

படம் திரும்பியிருந்தது.

முகம் வெளிப்பக்கம். மூடிய கண்கள். சிவப்பு பல்ப் எரிந்தது. அணைத்த பல்ப்... கையால் அணைத்த பல்ப்.

அவள் திரையைப் பார்த்தாள்.  ஓடலாம். கதவு நாலு அடியில் இருக்கிறது. ஓடினால் நான்கு வருடம் போய்விடும். விடிய நாலு மணிகள் அவ்வளவும் போய்விடும். நாளைக்குப் பரமலிங்கம் மாஸ்ரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பிறகு அவள் சொன்னது இதுதான்: "பயப்பிடக்கூட எனக்குச் சக்தி இல்லை. இன்னும் ஒரு பகுதி இருந்தது."

மூன்றாம் பகுதி ஒரு கல்லறை வாசகம். பதினொரு வயதில் செத்த ஒரு பெண் பிள்ளைக்குப் பெற்றோர் வெட்டுவித்தது.

4.31. கிரீச்.

4.40. மெழுகு மணம். இப்போது கிட்ட.

4.52. யாரோ மூக்கால் மூச்சு விட்டார்கள். ஒரு தடவை. நீளமாக.

எழுதினாள்.

5.04. டிங்.

"அவர் எழுந்து நிற்கிறார்."

எழுதினாள்.

"அவர் உங்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். தயவுசெய்து—"

வரி அதோடு நின்றது.

மேசையில் ஒரு நிழல் விழுந்தது. யன்னல் இடது பக்கம். நிழல் வலது பக்கத்தில் இருந்து விழுந்தது.

தலை குனிந்தபடி...

வாசிப்பது போல.

அவள் நிமிரவில்லை. வலது கன்னத்தில் சூடு தெரிந்தது, எரிகிற திரிக்குக் கிட்டப் போனது போல. கடைசி வசனம் மிச்சம் இருந்தது. பிள்ளையின் பெயர், வயது, மாதம், நாள்.

எழுதினாள்.

5.30. அனுப்பும் பொத்தானை அமுக்கினாள்.

5.31. கிடைத்தது என்று பதில்.

எழும்பினாள்.

பின்னால் பார்க்கவில்லை.

ஓடினாள்.

ஸ்ரெல்லா 5.55க்கு ஸ்கூட்டரில் வந்தபோது கீர்த்திகா கேற்றுக்கு வெளியே, றோட்டில், செருப்பில்லாமல் நின்றாள்.

"என்னடி, வெளியில நிக்கிறாய்? முகம் சுண்ணாம்பு மாதிரிக் கிடக்கு."

"களைப்படி."

"எழுதினியோ?"

"எழுதினன்."

"பிறகென்ன, உரோமாபுரி உன்ரை கையில. வா, தேத்தண்ணி போடுறன்."

இருவருமாக உள்ளே போனார்கள். பின் அறையில் யாரும் இல்லை. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. கட்டிலில் படம் இல்லை, சுவரிலும் இல்லை. கீர்த்திகா பேனா விழுந்தது என்று சொல்லிக் கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தாள். லப்டொப் மூடியிருந்தது. தான் மூடியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஸ்ரெல்லாவிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுச் செத்த மனிதரைச் சுவரில் இருந்து இறக்கித் தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

பெப்ரவரி 26, முதல் கடிதம். பரீட்சையின்போது அறையில் இன்னொருவர் இருந்ததாக மேற்பார்வையாளர் அறிக்கை தந்திருக்கிறார். முந்தைய தடவையும் இதே குற்றம். விளக்கம் தர இரண்டு நாள் அவகாசம். இணைத்துள்ள படிவத்தில் அந்த ஆளின் பெயரையும், மாணவிக்கு என்ன உறவு என்பதையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். யாரும் இருக்கவில்லை என்று மறுத்தால், விடயம் முழு விசாரணைக்குப் போகும். போனால் ஒரு வருடம். முடிவு என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது.

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். உண்மையை எழுதினால் பைத்தியம் என்பார்கள். மறுத்தால் கள்ளி என்பார்கள்.

மறுநாள் பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வரும்போது, கொடிகாமம் சந்தையடியில் தேங்காய்க் கடை ஒன்றின் பலகையைப் பார்த்தாள். ஏரம்பு அன் சன்ஸ். அந்தப் பெயர் போதும் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து தாயைக் கேட்டாள்.

"அம்மா, அப்பாவுக்குத் தமையன்மார் ஆரும் இருந்தவையோ?"

"உன்ரை கொப்பர்தான் மூத்தவர். ஏன், கிழவனுக்குக் கலியாணம் பேசப் போறியோ?"

கீர்த்திகா படிவத்தில் எழுதினாள். பெயர்: ஏரம்பு. உறவு: தகப்பனாரின் தமையன். வயது எண்பத்து நான்கு. ஞாபக மறதி முற்றியவர். தவறுதலாக அறைக்குள் வந்தவரை நான்தான் கட்டிலில் இருத்தினேன். ஆங்கிலமோ இலத்தீனோ தெரியாது. தண்டிக்கப்படுவேன் என்ற பயத்தில் அவர் இருப்பதை மறைத்தேன்.

வாழ்க்கையில் அவள் கையொப்பம் வைத்துச் சொன்ன முதல் பொய். வைத்துவிட்டுப் படுத்தாள். நன்றாக நித்திரை வந்தது.

மார்ச் 15, இரண்டாம் கடிதம். மிகச் சின்னது.

"உங்கள் விளக்கம் எம்மிடம் உள்ள பதிவோடு எல்லா விதத்திலும் பொருந்துகிறது. அந்த நபர் உங்களுக்கு உதவி செய்ததற்குச் சான்று இல்லை. எச்சரிக்கையோடு பரீட்சை ஏற்றுக்கொள்ளப்படுகிறது. புள்ளி: 61."

அம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். பரமலிங்கம் மாஸ்ரர் எழும்பி நின்று கை கொடுத்தார். கீர்த்திகா சிரித்தாள். ஆனால் ஒரு வரி உள்ளே முள்ளாக இருந்தது. எந்தப் பதிவோடு பொருந்துகிறது? அவள் சொன்னது முழுப் பொய்யல்லவா?

ஏப்ரலில் ஸ்ரெல்லா கேக்கோடு கொடிகாமம் வந்தாள். பட்டம் கைக்கு வந்த துணிவில் கீர்த்திகா சொல்லிவிட்டாள்.

"ஸ்ரெல்லா, கோபிக்காதை. அண்டைக்கு உங்கடை அறையில இருந்த படத்தை நான் கழட்டினனான். பிறகு அதைக் காணேல்லை."

"எந்தப் படம்?"

"கட்டிலுக்கு மேல. கண் மூடின ஒரு ஐயா. சிவப்பு பல்ப்போடை."

ஸ்ரெல்லா கேக் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னடி கதைக்கிறாய்? அந்த அறை கட்டி முழுசா ஒரு வருசம் ஆகேல்லை. மாதா படம் ஒண்டுதான் கிடந்தது. அதை முதல் நாளே எமில் கழட்டினவர். கட்டில் பக்கத்துச் சுவரில ஆணியே அடிக்கேல்லை. பூச்சு உடையும் எண்டு அவர் அடிக்க விடுறேல்லை."

"பல்ப்?"

"அந்தச் சுவரில வயரே இல்லை, கீர்த்தி."

அன்றிரவே கீர்த்திகா பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். தன்னைப் பற்றி வைத்திருக்கும் பதிவைக் கேட்க மாணவருக்கு உரிமை உண்டு. மே 9ஆம் திகதி மூன்றாம் கடிதம் வந்தது. மேற்பார்வையாளர், பரீட்சை நடந்த அன்றே, நிமிடத்துக்கு நிமிடம் எழுதி ஒப்படைத்த குறிப்பு. பெப்ரவரி 6, மாலை ஆறு மணிக்கு முத்திரையிட்டது. அதற்குப் பிறகு யாரும் அதில் கை வைக்க முடியாது என்று அடியில் எழுதியிருந்தது.

2.19. மாணவி அறையைக் காட்டுகிறார். யாரும் இல்லை. சுவர்கள் வெறுமை.

2.21. மாணவி கட்டிலில் ஏறிச் சுவருக்குக் கை நீட்டுகிறார். ஒரு முதியவரை இரண்டு தோளிலும் பிடித்துக் கூட்டி வந்து கட்டிலில் இருத்துகிறார். முதியவர் எங்கிருந்து வந்தார் என்று நான் காணவில்லை. மாணவி அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, ஏதோ சொல்கிறார்.

கீர்த்திகா நடுப்பகுதியை வாசிக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். கடைசிக்குப் போனாள்.

5.31. மாணவி அறையை விட்டு ஓடுகிறார். கமரா இயங்குகிறது.

5.32. முதியவர் மாணவியின் கதிரையில் அமர்கிறார். கண்கள் மூடியிருக்கின்றன.

5.33. உரையாடல் பெட்டியில் கேட்டேன்: உங்கள் பெயர் என்ன? மாணவிக்கு என்ன உறவு?

5.34. முதியவர் தட்டச்சு செய்த பதில்: "ஏரம்பு. பிள்ளையின் தகப்பனுக்குத் தமையன்."

5.34. முதியவர் கணினியை மூடினார். தொடர்பு முடிந்தது.

கீர்த்திகா தேங்காய்க் கடைப் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்தது, அதற்கு இருபத்தொரு நாட்களுக்குப் பிறகு.